பேட்ரிக் கெடிஸ்

சர் பேட்ரிக் கெடிஸ் (அக்டோபர் 2, 1854 – ஏப்ரல் 17, 1932) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளரும் சமூகவியலாளரும் நகரத் திட்டமிடலின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். நெரிசலும் நோயும் மிகுந்த பழைய நகரங்களை இடித்துத் தள்ளாமல், அங்கு வாழ்வோரை வெளியேற்றாமல், சிறு சிறு திருத்தங்களால் நலமான வாழிடங்களாக மாற்றலாம் என்பது இவரது அடிப்படைக் கொள்கையாகும். 1914 முதல் 1924 வரையான பத்தாண்டுகளில் பெரும்பகுதியை இந்தியாவில் செலவிட்ட இவர், ஏறத்தாழ ஐம்பது நகரங்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம், கோயம்புத்தூர் ஆகியவை இவர் வந்து பார்த்த தமிழக நகரங்களுள் அடங்கும். 1921 இல் கொழும்பு நகருக்கும் ஓர் அறிக்கை அளித்தார்.

இளமையும் கல்வியும்

கெடிஸ் ஸ்காட்லாந்தின் அபர்டீன்சயர் பகுதியில் உள்ள பாலட்டர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் கெடிஸ் படைவீரர். தாய் ஜேனட். குடும்பம் பின்னர் பெர்த் நகரை ஒட்டிய குன்றுச்சரிவில் ஒரு வீட்டில் குடியேறியது. அவ்வீட்டின் தோட்டத்திலிருந்து பார்த்தால் கீழே நகரமும் தே ஆறும் தெரியும். ஓர் ஊரை அதன் ஆற்றோடும் மலையோடும் சேர்த்தே காணும் பழக்கம் இவருக்குச் சிறு வயதிலேயே ஏற்பட்டது என இவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கருதுகின்றனர்.

பள்ளிப் படிப்புக்குப் பின் சிறிது காலம் வங்கியில் வேலை பார்த்தார். தாவரவியல் படிக்க எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஒரே வாரத்தில் வெளியேறினார். பின்னர் இலண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். இவர் பட்டம் எதுவும் பெறவில்லை. ஆயினும் 1888 இல் டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். கோடைப் பருவத்தில் மட்டும் கற்பித்தால் போதும் என்ற ஏற்பாட்டுடன் அமைந்த அப்பதவியில் 1919 வரை நீடித்தார். ஆண்டின் எஞ்சிய மாதங்கள் நகரங்களுக்காகச் செலவாயின.

1879 இல் ஆய்வுப் பயணமாக மெக்சிக்கோ சென்றபோது இவரது கண்பார்வை பாதிக்கப்பட்டது. வாரக்கணக்கில் இருட்டறையில் இருக்க நேர்ந்தது. சாளரக் கண்ணாடிகளின் சட்டங்களைக் கையால் தடவிக்கொண்டு, கருத்துகளைக் கட்டங்களில் அடுக்கிப் பார்க்கும் ஒரு முறையை அப்போது உருவாக்கிக் கொண்டார். பார்வை திரும்பியது. ஆனால் நுண்ணோக்கியில் நெடுநேரம் வேலை செய்ய இயலாது என்பதால் ஆய்வுக்கூட உயிரியலிலிருந்து படிப்படியாக விலகினார். தாளை மடித்துக் கட்டங்கள் உண்டாக்கி அவற்றில் எழுதும் வழக்கம் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றும் அக்கட்டங்களில் திரும்பத் திரும்ப வரும். இம்முப்பிரிவு பிரெஞ்சு சமூகவியலாளர் லெ பிளேயின் கருத்திலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

எடின்பரோவில் பணி

1886 இல் கெடிஸ் ஆனா மோர்டன் என்பவரை மணந்தார். மணமக்கள் குடியேறிய இடம் பலருக்கும் வியப்பளித்தது. எடின்பரோவின் வசதி படைத்தோர் ஆற்றலுள்ள மட்டும் புதுநகருக்குச் சென்றுவிட்ட காலத்தில், இவர்கள் பழைய நகரின் ஜேம்ஸ் கோர்ட் என்னும் சேரிக் குடியிருப்பில் வீடு எடுத்தனர். பல மாடிகள் கொண்ட இருண்ட கல் கட்டடங்களில் ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என மக்கள் அடைந்து கிடந்த பகுதி அது. கெடிஸ் இணையர் அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு முற்றங்களைத் துப்புரவு செய்தனர், சுவர்களுக்கு வெள்ளையடித்தனர், சாளரங்களில் பூச்செடிகள் வைத்தனர். இடிந்த கட்டடங்கள் சில அகற்றப்பட்டு அவ்விடங்களில் காற்றும் வெளிச்சமும் வர வழி செய்யப்பட்டது. ஏனையவை பழுதுபார்க்கப்பட்டன. மாணவர்கள் தாமே நடத்திக்கொள்ளும் விடுதி ஒன்றும் 1887 இல் தொடங்கப்பட்டது.

1892 இல் அரண்மனைக் கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு பழைய கோபுரத்தைப் பெற்று அதனை நோக்குக் கோபுரம் என்னும் அருங்காட்சியகமாக மாற்றினார். உச்சியில் உள்ள இருட்டறையில், ஆடியும் வில்லையும் வழியாக நகரின் காட்சி ஒரு வெள்ளை மேசையின் மேல் விழும். அதனைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கும் பார்வையாளர் மாடிக்கு மாடி எடின்பரோ, ஸ்காட்லாந்து, பிரித்தானியா, ஐரோப்பா, உலகம் என்று விரிந்து செல்லும் காட்சிகளைக் காண்பார். தன் தெருவை அறிந்தவனே உலகை அறிய முடியும் என்பது இவ்வரிசையின் உட்பொருள்.

கோபுரத்தைச் சார்ந்து இயங்கிய குழு ஒன்று பழைய நகரின் காலி மனைகளைத் தேடிக் கணக்கெடுத்தது. மொத்தம் 10 ஏக்கர் பரப்புள்ள 76 துண்டு நிலங்கள் பயனின்றிக் கிடந்தது தெரியவந்தது. அவற்றுள் சில, கெடிசின் மகள் நோரா முன்னின்ற பணியால், குழந்தைகள் விளையாடும் தோட்டங்களாயின. பெரும் பூங்கா அமைக்க நகராட்சியிடம் பணம் இல்லை என்ற வாதத்துக்கு இது ஒரு நடைமுறை விடையாக அமைந்தது.

1904 இல் டன்பர்ம்லைன் நகருக்காக இவர் எழுதிய அறிக்கை செலவு மிகுந்தது என்று ஒதுக்கப்பட்டது. 1915 இல் வெளிவந்த இவரது நூல் ஒன்றில், அடுத்தடுத்த நகரங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நிலைக்குத் தனியொரு சொல் ஆக்கப்பட்டது. தமிழில் இதனைக் கூட்டுநகரம் எனலாம்.

பள்ளத்தாக்குக் குறுக்குவெட்டு

கெடிசின் கருத்துகளுள் மிகவும் அறியப்பட்டது பள்ளத்தாக்குக் குறுக்குவெட்டு என்னும் வரைபடமாகும். மலையில் தொடங்கிக் கடலில் முடியும் ஓர் ஆற்றின் வழியை ஒரே கோட்டில் வரைந்து, உயரத்திற்கேற்ப மாறும் நிலத்தையும் தொழிலையும் அதன் கீழ் குறிப்பது இதன் முறை. சுரங்கத் தொழிலாளர், மரம் வெட்டுவோர், வேட்டுவர், ஆயர், உழவர், தோட்டக்காரர், மீனவர் ஆகியோர் அதில் இடம்பெறுவர். நகரம் என்பது இவர்கள் அனைவரும் கூடும் இடம். எனவே மேலே காடு அழிந்தால் கீழே நகரம் நலம் கெடும் என்பது இதன் முடிபு. குறிஞ்சி முதல் நெய்தல் வரையான திணைப் பாகுபாட்டை அறிந்த தமிழருக்கு இக்கருத்து புதிதாகத் தோன்றாது.

வைகை ஆற்றைக் கொண்டு இதனை எளிதில் விளங்கிக் கொள்ளலாம். வருசநாட்டு மலைகளில் தோன்றும் மூல வைகை கடமலைக்குண்டு வழியாக இறங்கி வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சுருளியாறும் முல்லையாறும் பெரியாற்று நீரையும் சேர்த்துக்கொண்டு வந்து அதனுடன் கலக்கின்றன. பின்னர் ஆண்டிப்பட்டிக்கு அருகில் 1959 இல் கட்டி முடிக்கப்பட்ட வைகை அணை, அதன் கீழ் நஞ்சை நிலங்கள், மதுரை மாநகர், இராமநாதபுரத்துக் கண்மாய்கள், இறுதியில் பாக் நீரிணைக் கரையின் மீனவர் ஊர்கள். கடமலைக்குண்டில் ஆறு வறண்டால் அதன் விளைவு மதுரையின் குடிநீரில் தெரியும். கெடிசின் நோக்கில் மதுரையைத் திட்டமிடுவோர் நகர எல்லையில் நின்றுவிட முடியாது. வருசநாடு வரை நடந்து பார்க்க வேண்டும்.

இந்திய வருகை

கெடிஸ் இந்தியாவைப் பற்றி முன்பே ஓரளவு அறிந்திருந்தார். 1900 ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியின்போது விவேகானந்தரைச் சந்தித்திருந்தார். சகோதரி நிவேதிதா அங்கு இவருடன் சில காலம் பணியாற்றினார். 1914 இல் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்டு பிரபு, தமது நகரக் கண்காட்சியுடன் வருமாறு இவரை அழைத்தார். பென்ட்லண்டு பிரபுவும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவரே. ஐரோப்பிய நகரங்களின் வரைபடங்கள், ஓவியங்கள், மாதிரிகள் எனப் பல ஆண்டுகளாகச் சேர்த்த கண்காட்சி அது. 1913 இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பரிசு பெற்றது.

கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிராண்ட் என்னும் கப்பலில் ஏற்றப்பட்டன. கெடிசும் மூத்த மகன் அலஸ்டேரும் வேறு கப்பலில் வந்தனர். முதல் உலகப் போர் தொடங்கியிருந்தது. 1914 அக்டோபரில் செருமானியப் போர்க்கப்பல் எம்டன், கிளான் கிராண்டை அரபிக் கடலில் மூழ்கடித்தது. அதற்கு முந்தைய மாதம், செப்டம்பர் 22 அன்று, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்து, தமிழில் தன் பெயரையே ஒரு சொல்லாக விட்டுச்சென்ற அதே எம்டன்தான் இது. வாழ்நாள் சேகரிப்பு கடலுக்குள் போன பின்னும் கெடிஸ் திரும்பிச் செல்லவில்லை. பிரித்தானியாவில் இருந்த நண்பர்கள் புதிய வரைபடங்களையும் படங்களையும் திரட்டி அனுப்பினர். 1915 தொடக்கத்தில் கண்காட்சி சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் நடைபெற்றது.

தமிழக நகரங்கள்

அக்காலத்து இந்திய நகராட்சிகளின் நிலையை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். 1896 இல் பம்பாயில் பிளேக் பரவிய பின், நெரிசலே நோய்க்குக் காரணம் எனக் கருதிய அரசு 1898 இல் அங்கு நகர மேம்பாட்டு அறக்கட்டளையை நிறுவியது. நெரிசலான பகுதியின் நடுவே அகலமான நேர்ச்சாலையை வெட்டுவதே அதன் வழக்கமான மருந்து. சாலையில் வீடிழந்தோர் அடுத்த தெருவில் போய் அடைந்தனர். அங்கு நெரிசல் இரட்டிப்பானது. பிற ஊர்களின் பொறியாளர்களும் இதனையே பின்பற்ற முனைந்தனர்.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கும் இத்தகைய திட்டம் ஒன்று இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக நேர்த்தெருக்கள் போடுவதற்காகப் பல வீடுகளை இடிக்க அது முன்மொழிந்தது. கெடிஸ் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பகுதியின் சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு நல்ல நிலையில் உள்ளது, எது பாழடைந்தது, எந்த இடத்தில் மரம் அல்லது கிணறு உள்ளது, எந்தச் சந்தில் மக்கள் இயல்பாக நடக்கின்றனர் என ஒவ்வொன்றையும் குறித்தார். இருக்கும் சந்துகளையே தெரு வலையாக ஏற்றுக்கொண்டு, இடிந்தும் ஆளின்றியும் கிடந்த சில வீடுகளை மட்டும் அகற்றினால் அவ்விடங்கள் சிறு சதுக்கங்களாகும், அங்கு மரம் நடலாம், நேர்த்தெருத் திட்டத்தில் ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியே போதும் என்று காட்டினார். இம்முறைக்கு இவர் இட்ட பெயரைக் காப்பு அறுவை என மொழிபெயர்க்கலாம். நோயுற்ற உறுப்பை வெட்டி எறியாமல், இயன்றவரை காப்பாற்றும் மருத்துவரின் முறையே இங்கு உவமை. அலுவலகத்தில் அமர்ந்து அளவுகோலால் கோடு போடுவதைவிட இது கடினமானது என்பதை இவர் மறைக்கவில்லை. நெடுநேரம் களத்தில் நடக்க வேண்டும், வீட்டாரோடு பேச வேண்டும், பொறுமை வேண்டும்.

கோயில் நகரங்கள் இவரைப் பெரிதும் கவர்ந்தன. காஞ்சிபுரத்தை, கோயில்களின் சிறப்புக்காக மட்டுமன்றி, அகன்ற தெருக்களும் தோட்டங்களோடு கூடிய வீடுகளும் ஒழுங்காக அமைந்த முழுமையான நகரத் திட்டத்துக்காகவும் போற்றினார். ஐரோப்பாவில் அப்போது புதுமையாகப் பேசப்பட்ட தோட்ட நகரத்தின் கூறுகளை அங்கு கண்டார். மதுரையில் சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்திருப்பதும், ஆண்டுதோறும் விழா உலா அவ்வீதிகளில் நடப்பதும் பலரும் அறிந்தவை. தேர் ஓடுவதற்காகவே தெருவின் அகலம் நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டது என்பதை நகராட்சிப் பொறியாளர்கள் பொதுவாக எண்ணிப் பார்க்கவில்லை. கெடிஸ் எண்ணிப் பார்த்தார். 1919 இல் மாடர்ன் ரிவ்யூ இதழில் கோயில் நகரங்களைப் பற்றித் தனிக் கட்டுரையும் எழுதினார்.

குளங்களைப் பற்றிய இவரது கருத்து இன்றும் கவனிக்கத்தக்கது. கொசுவை ஒழிக்கக் குளங்களைத் தூர்க்க வேண்டும் எனச் சுகாதார அலுவலர்கள் கூறிவந்தனர். மும்பைக்கு அருகிலுள்ள தாணே நகரைப் பற்றிய 1915 ஆம் ஆண்டு அறிக்கையில் கெடிஸ் இதனை மறுத்தார். குளத்தைத் துப்புரவாக வைத்து மீனும் வாத்தும் விட்டால் அவை கொசுப் புழுக்களைத் தின்றுவிடும், குளம் சுற்றுப்புறத்துக்குக் குளிர்ச்சியும் அழகும் தரும், குழாய்நீர் என்றாவது தடைப்படும்போது கிணறும் குளமுமே ஊரைக் காக்கும் என்று வாதிட்டார். பிற்காலத்தில் எத்தனையோ ஊர்களில் கண்மாய்களும் தெப்பக்குளங்களும் தூர்க்கப்பட்டுப் பேருந்து நிலையங்களாகவும் அலுவலகங்களாகவும் மாறிவிட்டதை நோக்க, இவ்வாதம் செவியேறவில்லை என்பது தெளிவு.

இந்தூர் தீபாவளி

இந்தூர் அரசுக்காக எழுதப்பட்டு 1918 இல் இரு தொகுதிகளாக வெளிவந்த அறிக்கையே இவரது இந்திய அறிக்கைகளுள் மிகப் பெரியது. கெடிஸ் அங்கு வரைபடத்துடன் தெருக்களில் திரிந்தபோது, வீடுகளை இடிக்க வந்தவர் எனக் கருதி மக்கள் அஞ்சினர். ஊரில் பிளேக் நோயும் இருந்தது. அச்சத்தைப் போக்க இவர் ஒரு வழி கண்டார். ஒரு நாள் மகாராசா என்னும் உரிமையை ஆட்சியாளரிடம் கேட்டுப் பெற்று, அவ்வாண்டுத் தீபாவளி உலா எந்த வீதியில் மிகுதியான வீடுகள் துப்புரவாகவும் பழுதுபார்க்கப்பட்டும் உள்ளனவோ அவ்வீதி வழியே செல்லும் என அறிவித்தார். குப்பையை நகராட்சி இலவசமாக அகற்றும் என்றும் கூறப்பட்டது. ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியேறியது. எலிகளும் பொறிவைத்துப் பிடிக்கப்பட்டன.

உலாவில் யானைகளும் இசைக்குழுக்களும் இலட்சுமியின் வடிவமும் சென்றன. அழுக்கு அரக்கனின் உருவமும், பிளேக்கைக் குறிக்கும் பேரெலியும் உடன் எடுத்துச் செல்லப்பட்டன. நகரின் துப்புரவுத் தொழிலாளர் புதிய வெள்ளுடை அணிந்து, மாலை சூடி, புதிய துடைப்பங்களுடன் சிறப்பு வரிசையாக நடந்தனர். இறுதியில் அரக்கனும் எலியும் கொளுத்தப்பட்டன. வீடுகளுக்குத் துளசிச் செடிகள் வழங்கப்பட்டன. இவ்விவரங்களில் பெரும்பகுதி கெடிஸ் தாமே பின்னர் கூறியவை. பிளேக் தணிந்ததற்கு அந்நோயின் பருவம் முடிந்ததும் ஒரு காரணமாகும். எனினும் ஆணையாலும் அபராதத்தாலும் நடக்காதது ஒரு விழாவால் நடந்தது என்பதில் ஐயமில்லை.

கழிவுநீரைப் பற்றியும் அவ்வறிக்கை விரிவாகப் பேசுகிறது. பெருஞ்செலவில் நிலத்தடிக் குழாய்கள் அமைத்து ஆற்றில் கொண்டுவிடுவதைக் காட்டிலும், கழிவை எருவாக்கித் தோட்டங்களுக்குத் திருப்புவதே இந்திய நகரங்களுக்கு ஏற்றது என்று இவர் கருதினார். பொறியாளர்கள் இதனை ஏற்கவில்லை.

1917 ஆம் ஆண்டு

அவ்வாண்டு ஏப்ரலில் மகன் அலஸ்டேர் பிரான்சு போர்முனையில் கொல்லப்பட்டார். அப்போது ஆனா இந்தியாவில் கடும் நோயுற்றுக் கிடந்தார். செய்தியைத் தாங்கமாட்டார் என அஞ்சிய கெடிஸ் அதனை மனைவியிடம் சொல்லவில்லை. மகனின் பழைய கடிதங்களையே அவருக்குப் படித்துக் காட்டி வந்தார். ஆனா அதனை அறியாமலே ஜூன் மாதத்தில் இறந்தார். அலுவலகக் கணக்கு முதல் கண்காட்சி ஏற்பாடு வரை கணவரின் பணிகளுக்கு ஒழுங்கு தந்தவர் அவரே. அவர் மறைவுக்குப் பின் கெடிசின் எழுத்துகள் மேலும் சிதறின என்பர். ஆயினும் பணி நிற்கவில்லை.

பம்பாயும் பிற நாடுகளும்

1919 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட சமூகவியல் துறைக்கு முதல் பேராசிரியரானார். பின்னாளில் புகழ்பெற்ற சமூகவியலாளர் கோ. ச. குர்யே இவரிடம் பயின்றவர். அறிவியலாளர் ஜகதீச சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றை 1920 இல் எழுதி வெளியிட்டார். தாகூருடன் கடிதத் தொடர்பு இருந்தது. இளைய மகன் ஆர்தர் சாந்திநிகேதனில் சில காலம் பணியாற்றினார்.

கொழும்புக்கான 1921 ஆம் ஆண்டு அறிக்கை, அந்நகரின் மரநிழலையும் நீர்நிலைகளையும் காத்து அதனைத் தோட்ட நகரமாக வளர்க்க வேண்டும் என்றது. 1925 இல் டெல் அவீவ் நகருக்கு இவர் அளித்த திட்டம் ஓரளவு முழுமையாக நிறைவேறிய அரிய திட்டமாகும். வீட்டுத் தொகுதிகளின் நடுவே சிறு தோட்டங்களைக் கொண்ட அப்பகுதியை 2003 இல் யுனெசுகோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

1924 இல் உடல்நலம் குன்றி இந்தியாவை விட்டு நீங்கி, தென் பிரான்சின் மான்பெலியே நகரில் ஒரு கல்லூரியை நிறுவினார். 1928 இல் லிலியன் பிரவுன் என்பவரை மணந்தார். 1932 தொடக்கத்தில் சர் பட்டம் பெற்று, அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று மான்பெலியேயில் காலமானார்.

மதிப்பீடு

கெடிசின் இந்திய அறிக்கைகளில் நிறைவேறியவை சிலவே. நடை நீண்டது. ஒரு தலைப்பில் தொடங்கி வேறெங்கோ செல்வது. செயலாற்ற வேண்டிய அலுவலர்களையே அறிக்கையில் கடுமையாகக் குறை கூறும் வழக்கமும் அவர்களை நண்பர்களாக்கவில்லை. மக்களை ஈடுபடுத்த வேண்டும் என்று எழுதியவர், மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத அரசர்களின் அழைப்பையும் ஆளுநரின் ஆதரவையும் நம்பியே பணிபுரிய வேண்டியிருந்தது. கோயில் நகரத்தைப் புகழ்ந்தபோது, அதே நகரத்தின் தெருக்கள் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்ததையும், சிலர் அவ்வீதிகளில் நடக்கவே முடியாதிருந்ததையும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்னும் விமரிசனமும் உண்டு. இந்தூரில் துப்புரவுத் தொழிலாளர் பெற்ற சிறப்பு ஒரு நாள் சிறப்பே. ஆண், பெண் இயல்புகள் பற்றி 1889 இல் ஆர்தர் தாம்சனுடன் சேர்ந்து எழுதிய நூலின் கருத்துகளும் பிற்காலத்தில் பெண்ணியலாளரின் மறுப்புக்கு உள்ளாயின.

மறுபுறம், சென்னை மாகாணத்தில் 1920 இல் நகரத் திட்டமிடல் சட்டம் நிறைவேறியது. இத்துறையில் இந்தியாவின் தொடக்கச் சட்டங்களுள் ஒன்றான இது, 1971 ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் வரும்வரை நடைமுறையில் இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் மம்ஃபோர்டு கெடிசைத் தம் ஆசானாகக் கொண்டு தம் மகனுக்கு அப்பெயரையே இட்டார். எளிதில் கிடைக்காதிருந்த இந்திய அறிக்கைகளிலிருந்து முக்கியப் பகுதிகளைத் தொகுத்து ஜாக்குலின் டிர்விட் 1947 இல் ஒரு நூலாக வெளியிட்டார். தஞ்சாவூர்ச் சந்துகளில் உருவான முறை உலகெங்கும் உள்ள திட்டமிடல் மாணவர்களைச் சென்றடைந்தது இந்நூலின் வழியாகவே. கெடிசின் கையெழுத்துப் படிகளும் மடித்த தாள்களும் கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் பாதுகாக்கப்படுகின்றன. எடின்பரோ நோக்குக் கோபுரத்தின் இருட்டறையில் நகரின் காட்சி இன்றும் வெள்ளை மேசையின் மேல் காட்டப்படுகிறது.